தடுப்பூசித் துணைப்பொருள்களில் தாவரச் சேர்மங்கள்

தடுப்பூசியில் நோய்க்கிருமியின் பகுதியோடு சேர்த்து, உடலின் எதிர்வினையை வலுப்படுத்துவதற்காகக் கலக்கப்படும் பொருள் துணைப்பொருள் எனப்படும். இது தனியாக எந்த நோயையும் தடுப்பதில்லை. ஒரு வைரசின் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து ஊசி வழியாகச் செலுத்தினால், உடல் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதன்பால் நோயெதிர்ப்புச் செல்களின் கவனத்தைத் திருப்புவதே துணைப்பொருளின் வேலை. அலுமினிய உப்புகள் இதற்கு நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. அவற்றுக்கு அடுத்து முக்கியமானவற்றுள் சில தாவரங்களிலிருந்து வந்தவை.

தொடக்கம்

1920களில் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் ரமோன், தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நஞ்சைக் குதிரைகளில் உருவாக்கி வந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகளே அதிக எதிர்நஞ்சு தந்தன. எனவே வேண்டுமென்றே அழற்சியைத் தூண்ட மரவள்ளி மாவு, ரொட்டித் தூள், சப்போனின் ஆகியவற்றைக் கலந்து பார்த்தார். நம் சமையலறைப் பொருள்களான மாவும் ரொட்டியும் வழக்கொழிந்தன, சப்போனின் நிலைத்தது.

சப்போனின்

சிகைக்காயும் பூவந்திக்கொட்டையும் நீரில் நுரைப்பதற்குக் காரணம் அவற்றிலுள்ள சப்போனின்களே. தடுப்பூசிக்கு உதவுவது இதே குடும்பத்துப் பொருள்தான் என்றாலும், அது தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் குவில்லாயா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. எல்லாச் சப்போனினும் இவ்வாறு செயல்படுவதில்லை. மூலக்கூறின் அமைப்பே அதை முடிவு செய்கிறது.

1974இல் டேனிய ஆய்வாளர் கிறிஸ்டியன் டால்ஸ்கார்ட் இப்பட்டையிலிருந்து குவில்-ஏ என்ற கலவையைப் பிரித்தார். மாடுகளைத் தாக்கும் கோமாரி வைரசுக்கான தடுப்பூசிகளில் சப்போனின் பரவலாகப் பயன்பட்டது. மனிதருக்கு அதைக் கொடுப்பதில் ஒரு தடை இருந்தது. சப்போனின் செல்சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதே கொலஸ்ட்ராலையே முன்கூட்டிச் சப்போனினோடு கோத்து நுண்துகள்களாக்கியபோது இந்தத் தீங்கு பெரிதும் குறைந்தது. எதிரியின் ஆயுதத்துக்கு உறை போட்டதைப் போன்ற எளிய தீர்வு இது.

அவ்வாறு செய்யப்பட்ட மேட்ரிக்ஸ்-எம், நோவாவாக்ஸ் நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசியில் இடம்பெற்றது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் அதைக் கோவோவாக்ஸ் என்ற பெயரில் தயாரித்தது. 2021 டிசம்பரில் இந்தியாவில் அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி கிடைத்தது. ஒரு தவணையில் 5 மைக்ரோகிராம் கூர்ப்புரதமும் 50 மைக்ரோகிராம் மேட்ரிக்ஸ்-எம்மும் உள்ளன. அதாவது துணைப்பொருளின் அளவு முதன்மைப் பொருளைப் போல் பத்து மடங்கு.

குவில்லாயாச் சாற்றைப் பிரித்தபோது கிடைத்த 21ஆம் கூறு கியூஎஸ்-21 எனப்படுகிறது. அக்கி அம்மைக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் இதுவும், பாக்டீரியாவிலிருந்து பெறும் ஒரு கொழுப்புப் பொருளும் சேர்ந்துள்ளன. 50 வயதைக் கடந்தோரிடையே நடந்த பெரிய ஆய்வில் அத்தடுப்பூசி 97.2 விழுக்காடு பயன் தந்தது. முதுமையில் தளர்ந்துவிடும் டி-செல்களையும் அது தூண்டியது குறிப்பிடத்தக்கது.

கசாயங்களும் துணைப்பொருள்களும்

டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கபசுரக் குடிநீரும் தமிழகத்தில் பரவலாக வழங்கப்பட்டன. இவற்றை ‘எதிர்ப்புச் சக்தி கூட்டுபவை’ என்று சொல்வதால், தாவரத் துணைப்பொருள்களோடு சிலர் குழப்பிக்கொள்கின்றனர். துணைப்பொருள் ஒரு குறிப்பிட்ட கிருமிப் புரதத்தோடு, அளந்த அளவில், அதே ஊசியில் செல்ல வேண்டும். வாய்வழி உண்ணும் மூலிகைகள் பற்றியும் ஆய்வுகள் உண்டு: அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்குச் சாறுகள் முத்தடுப்பு ஊசியின் பயனைக் கூட்டுகின்றனவா என்று 2004இல் வெளியான ஆய்வுகள் சோதித்தன. ஆனால் அவை சுண்டெலிகளில் செய்யப்பட்டவை.

சுறாவுக்கு மாற்று

காட்டு மரத்தின் பட்டையை நம்பியிருப்பது நீடிக்காது. எனவே கியூஎஸ்-21ஐ ஈஸ்ட் செல்களிலேயே உருவாக்கும் முறை 2024இல் வெளியிடப்பட்டது. ஸ்குவாலீன் என்ற மற்றொரு துணைப்பொருளின் கதை தூத்துக்குடிக் கடற்கரைக்கு இன்னும் நெருக்கமானது.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கிழக்கே சென்றால் தருவைகுளம். இங்கெல்லாம் சுறா என்றால் கருவாடும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் புட்டும்தான் நினைவுக்கு வரும். சுறாவின் ஈரல் எண்ணெயிலிருந்தே, குறிப்பாக ஆழ்கடல் சுறாக்களிலிருந்தே, 1906இல் ஜப்பானியர் சுஜிமோட்டோ ஸ்குவாலீனைக் கண்டறிந்தார். முதியோருக்கான ஃப்ளூ தடுப்பூசியில் 1997 முதல் எம்எஃப்-59 என்ற பெயரில் அதன் நுண்துளிக் குழம்பு பயன்படுகிறது.

சுறாக்கள் மெதுவாக வளர்ந்து, சில குட்டிகளையே ஈனுபவை. அதிகம் பிடித்தால் மீள்வது கடினம். ஆனால் ஆலிவ் எண்ணெயிலும் தண்டுக்கீரை இன விதைகளிலும் ஸ்குவாலீன் உண்டு. கரும்புச் சர்க்கரையை ஈஸ்ட் மூலம் நொதிக்கவைத்துக் கிடைக்கும் ஃபார்னசீன் என்ற பொருளிலிருந்தும் அதைச் செய்கின்றனர். எங்கிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே: 30 கார்பன், 50 ஹைட்ரஜன். வேறுபடுவது தூய்மையும் விலையும்தான்.