கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் வரும் நரம்புத் தொல்லைகள்

கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் “கரண்ட் வைத்து” முடித்தவர்களுள் சிலர், மூன்று நான்கு மாதங்கள் சென்றபின் புதியதொரு தொல்லையைக் கூறுவர். தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கால்வரை மின்சாரம் பாய்வது போலிருக்கிறது என்பர். அந்தக் “கரண்ட்” என்னும் சொல்லே அச்சத்தைப் பெருக்கிவிடுகிறது. உண்மையில் வெளியிலிருந்து இயந்திரம் செலுத்துவது எக்ஸ் கதிர் போன்ற கதிரே. இயந்திரம் நின்றபின் அது உடலில் தங்குவதில்லை.

தண்டுவட நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறை சிறிதுகாலம் நலிவதால் இவ்வுணர்வு தோன்றுகிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் லெர்மித்தின் பெயரால் இதனை லெர்மித் அறிகுறி என்கிறோம். புதுவையினருக்கு அப்படியொன்றும் அந்நியமான பெயரன்று. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மறையும்.

கவலைக்குரியது வேறொன்று. சிகிச்சை முடிந்து ஆறு மாதங்கள் முதல் பல ஆண்டுகள் வரை கழிந்தபின், நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்து தண்டுவடமே பாதிக்கப்படலாம். காலிலிருந்து செருப்புக் கழன்றதே தெரியாது, நடை தளரும், சிறுநீர் கழிப்பது கடினமாகும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களுக்குத் தோள் நரம்புப் பின்னல் பாதிக்கப்பட்டுக் கை மரத்துப்போவதும் உண்டு.

இது அரிது. நாளொன்றுக்கு 2 கிரே வீதம் தண்டுவடம் 50 கிரே பெற்றால், பாதிப்பு ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒருவருக்கே. 60 கிரே ஆனால் நூற்றில் ஆறு பேருக்கு. இந்த ஏற்றத்தை அறிந்தே தண்டுவடத்திற்குச் செல்லும் அளவைக் கட்டுப்படுத்துகிறோம். பலரும் வெறுக்கும் அந்த இறுக்கமான முகமூடி, தலை சிறிதும் அசையாதிருக்கவே. ஆகவே இவ்வச்சத்தால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துதல் பெருந்தீங்கு. நோய் தரும் ஆபத்து இதனினும் மிகப் பெரிது.

மரத்துப்போதல் அனைத்திற்கும் கதிர்வீச்சே காரணமன்று. நீரிழிவு, சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள், வைட்டமின் பி12 குறைவு ஆகியனவும் காரணமாகும். புற்றுநோய் மீண்டும் தோன்றித் தண்டுவடத்தை அழுத்தவும் கூடும். முதுகுவலியுடன் கால் வலுவிழந்தால், அல்லது சிறுநீர் தடைப்பட்டால், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனை இவற்றைப் பிரித்தறிய உதவும். அழுத்தத்தை உடனே நீக்கினால் நடையைக் காக்கலாம். ஓரிரு நாள் தாமதமும் அதனை இழக்கச் செய்யும்.

கதிர்வீச்சால் அழிந்த தண்டுவடத்தை மீட்கும் மருந்து இன்றில்லை. ஸ்டீராய்டு சிலருக்கு ஓரளவு உதவும். இயன்முறைப் பயிற்சியும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பும் அன்றாட வாழ்வைத் தாங்கும். உணர்விழந்த கையால் கொதிக்கும் பாத்திரத்தைத் தொடலாகாது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் வெறுங்காலுடன் நடப்போர், நண்பகல் மணலில் பாதம் வெந்தாலும் அறியமாட்டார், செருப்பு அவசியம்.

இன்னொன்று, குடும்பத்தாருக்கு. ஜிப்மர், அடையாறு, வேலூர் என மருத்துவமனை மாறுவது நம் பகுதியில் வழக்கம். ஒரே இடத்திற்கு இரண்டாம் முறை கதிர்வீச்சுத் தர நேர்ந்தால், முன்பு எத்தனை கிரே, எந்தப் பகுதிக்கு, எந்த ஆண்டு என்பது தெரியாமல் பாதுகாப்பான அளவைக் கணிக்க இயலாது. சிகிச்சைச் சுருக்கத் தாளைக் கேட்டுப் பெற்று, ஆதார் அட்டையோடு சேர்த்து வையுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.