கடலோரத்தில் நல்ல தண்ணி!



"உங்க ஊர்ல பார்க்க என்னடா இருக்கு?" என்று என்னிடம் கேட்காத நண்பர்களே கிடையாது. கடல் இருக்கு, வள்ளம் இருக்கு, மணல் இருக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மலரில் பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பெரியதாழை. தூத்துக்குடி மாவட்டம், சாத்தான்குளம் தாலுகா. முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கிய கரையில் உள்ள மீனவர் ஊர். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால் பார்க்க வேண்டியவை நிறையவே உண்டு.

ஒரு சின்னச் சுற்றுலா

கடலோரமாகவே தென்மேற்கே போனால் உவரி. அது திருநெல்வேலி மாவட்டம். அங்கே கப்பல் மாதா ஆலயத்தைப் பாருங்கள். ஆலயமே கப்பல் வடிவம், அதன் உச்சியில் ஒரு விமானம்! அதே ஊரில் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் பக்தர்கள் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டி நேர்ச்சை செலுத்துவார்கள்.

வடகிழக்கே போனால் மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல ஒரு குன்று, அதன்மேல் 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிய ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இந்தக் குன்றில் நட்டார் என்பது ஊர் வரலாறு. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் 1544-ல் மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. அவர் தங்கி ஜெபித்ததாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது.

அதையும் தாண்டினால் தசராவுக்குப் பேர்போன குலசேகரப்பட்டினம். இங்கே 28-2-2024 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான்.

சரி, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேடிக்கை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன்.

உப்புக்கு நடுவே இனிப்பு

மணப்பாட்டுக் குகைக்குள் ஒரு கிணறு உண்டு. அலை அடிக்கும் தூரத்தில்தான் கடல். ஆனால் தண்ணி குடிக்கலாம். உவரி சுயம்புலிங்க சுவாமி கோயில் கடற்கரையிலும் நல்ல தண்ணி ஊற்று. திருச்செந்தூர் நாழிக்கிணறு எல்லோருக்கும் தெரியும். படி இறங்கிப் போனால் ஒரு சதுர அடி அளவே உள்ள சின்னக் கிணறு. இறைக்க இறைக்க ஊறும். முருகப்பெருமான் தன் படைவீரர்களின் தாகம் தீர்க்க வேலால் உண்டாக்கியது என்பது ஐதீகம்.

எங்க ஊர்ப் பெரியவர்களும் கரை மணலைத் தோண்டி ஊத்து எடுப்பார்கள். "ரொம்ப ஆழம் தோண்டாத, உப்பு ஏறிரும்" என்று எங்க பாட்டி சொல்லும். ஆழமாகத் தோண்டினால் தண்ணி அதிகம்தானே கிடைக்கணும்? உப்பு ஏன் வரணும்? சின்ன வயசில் எனக்கு இது புரியவில்லை.

தேரி என்னும் தொட்டி

பதில் கடலில் இல்லை. ஊருக்கு உள்ளே, தேரியில் இருக்கிறது. சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் மைல் கணக்கில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகள்தான் தேரி. மணல் துகள்களின்மேல் இரும்பு ஆக்ஸைடு பூச்சாகப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று பல ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மணல் இது. அதே காற்றுதான் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது.

தேரியில் ஆதி மனிதன் பயன்படுத்திய சின்னச் சின்னக் கல் கருவிகள் கிடைத்துள்ளன. ஸாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் இவற்றைப் பற்றி 1956-ல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன இடங்களில் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புத்தன்தருவையும் ஒன்று. தருவை என்றால் மழைக்காலத்தில் நிரம்பும் ஆழமில்லாத ஏரி. தண்ணீர் இருந்த இடத்தில்தான் அன்றும் மனிதன் இருந்திருக்கிறான்.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை தேரியில் ஓடாது. அப்படியே உள்ளே இறங்கிவிடும். அந்த நீர் மணலுக்கு அடியில் மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகரும். மேலப்புதுக்குடியில் தேரிக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் உள்ள சுனையைப் பார்த்தவர்கள் இதை உடனே நம்புவார்கள்.

ஒன்றுக்கு நாற்பது

நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் மண்ணுக்கு அடியில் ஏன் கலந்துவிடவில்லை? நம் ஹைட்ராலிக்ஸ் பாடத்து 'யு' குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000. கடல் நீர் 1.025. அதாவது 40 அடி கடல் நீரின் எடையைத் தாங்க 41 அடி நல்ல தண்ணீர் வேண்டும். ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி ஆழம் வரை அது கடல் நீரைத் தள்ளி நிறுத்தும். 3 அடி நின்றால் 120 அடி!

ஹாலந்து நாட்டு இராணுவப் பொறியாளர் பாடன் கைபன் 1880-களின் கடைசியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே கண்ட விதி இது. லட்சத்தீவு மக்கள் காலங்காலமாகக் கிணற்றுத் தண்ணி குடித்ததும் இதனால்தான். இடையில் களிமண்ணோ பாறையோ இருந்தால் கணக்கு மாறும். எல்லைக்கோடும் கத்தியால் வெட்டினாற்போல் இருக்காது. ஆனால் அடிப்படை இதுதான்.

எங்க வீட்டில் ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தைத் தொட்ட முதல் ஆள் நான். ஆனாலும் அந்தப் பாடத்தை முதலில் எனக்குச் சொன்னது பள்ளிக்கூடம் போகாத பாட்டிதான் என்றால் மிகையாகாது.

கணக்கைத் திருப்பிப் போட்டால்?

இங்கேதான் பயம். மேலே 1 அடி நீர் குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும். பாட்டி காலத்தில் வாளியும் துலாவும்தான். இன்று போர்வெல்லில் மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது. உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்தில் எத்தனையோ கிணறுகள் உப்பாகிவிட்டன. தென்னையும் முருங்கையும் காய்ந்தபின் "கடல் உள்ளே வந்திருச்சு" என்கிறோம். அது தானாக வரவில்லை. நாம் இடம் விட்டோம், அது வந்தது.

ஒருமுறை ஏறிய உப்பைத் திருப்பி அனுப்பப் பல நல்ல மழைக்காலங்கள் வேண்டும். அதைவிட வராமல் காப்பது சுலபம். கடலுக்குப் பக்கத்தில் ஆழமான போர் போடாமல், அகலமான ஆழமில்லாத கிணறு வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கலாம். தருவைகளுக்கு வரும் ஓடைகளைத் தூர் வாரலாம். தேரி மணலை அள்ளாமல், அங்குள்ள பனையை வெட்டாமல் விடலாம். மணலைக் கட்டிப் பிடிக்கும் தாழை எங்கள் ஊர்ப் பேரிலேயே இருக்கிறது, கரையிலும் இருக்கட்டும்.

நம்மாலும் ஒன்று முடியும். ஆண்டுதோறும் ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். ஒரு கிராமத்தில் பத்துக் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். லெவலிங் கருவி வைத்து நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று பார்ப்போம். லேபில் குளோரைடு சோதனை செய்வோம். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. அடுத்த ஆண்டு ஜூனியர்கள் அதே கிணறுகளை அளக்கட்டும். ஐந்து வருஷக் கணக்கு கையில் இருந்தால், எந்தக் கிணற்றில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் நாமே எழுந்து சொல்லலாம்.

எங்கள் ஊருக்கு வாருங்கள். கப்பல் மாதாவையும் மணப்பாட்டுக் குன்றையும் காட்டுகிறேன். வரும்போது ஒரு காலி பாட்டில் கொண்டு வாருங்கள்; சாம்பிள் எடுக்க வேண்டும்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்