பேச்சுக்குத் துணை நிற்கும் பணி

"வளர்ந்து என்ன ஆகப் போகிறாய்?" என்று வகுப்பறையில் நாம் வினவும்போதெல்லாம் மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்னும் விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. நம் சமுதாயத்திற்கு மிகவும் தேவையான மற்றொரு பணியும் உண்டு. அதுவே பேச்சுச் சிகிச்சையாளர் பணி.

முதற்கண் நம் பிழையொன்றை ஒப்புக்கொள்வோம். நாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் நம் வகுப்பில் பயின்றான். "அவசரப்படாமல் ஒழுங்காகச் சொல்" என்று பலர் முன்னிலையில் அவனைக் கண்டித்தோம். நாளடைவில் அவன் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டான். அதனை அடக்கம் என்று கருதி நாம் மகிழ்ந்தோம்! திக்குவாய் சோம்பலாலோ, பெற்றோர் வளர்ப்பாலோ வருவதன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

திக்குவாயுடையோர், பேச்சு வளர்ச்சி தாமதமான குழந்தைகள், பிளவுபட்ட அண்ணத்துடன் பிறந்தோர், செவித்திறன் குன்றியோர், பக்கவாதத்தால் சொல் இழந்த முதியோர் ஆகிய அனைவருக்கும் துணை நிற்பவரே பேச்சுச் சிகிச்சையாளர். உணவை விழுங்க இயலாதோருக்கும் அவரே வழிகாட்டுகிறார்.

நம் நாட்டில் இத்துறைக்கான பட்டக்கல்வியை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தொடங்கியது. அது நான்காண்டுப் படிப்பாகும். உடற்கூறு, மொழியியல், உளவியல் ஆகியவற்றைக் கற்பதோடு, மூத்தோர் மேற்பார்வையில் நோயாளிகளிடமும் பயிற்சி பெறவேண்டும். 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 774ஆம் சட்டம் இத்தொழிலையும் பதிவுக்குரிய சுகாதாரத் தொழில்களுள் ஒன்றாக வகுத்துள்ளது.

எனினும், பட்டம் பெற்றவுடன் ஒருவர் தொழிலறிந்தவராகிவிடுவதில்லை. தோட்டத்துப் பெற்றோர்கள் இதனை நன்கறிவர். பால்மரம் வெட்டும் முறையை ஒரு நாளில் வாயால் சொல்லிவிடலாம். கத்தி சற்று ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும். மேலோட்டமாகப் பட்டால் பால் வராது. அந்த அளவு கைக்குப் பழகவேண்டும். காயத்திற்கு வெட்டியவரே பொறுப்பு.

இதுவும் அத்தகையதே. பக்கவாதம் கண்ட பெரியவர் ஒருவர் ஒரு குவளை வரக்காப்பி கேட்கிறார் என்று கொள்வோம். "ஆசையாகக் கேட்கிறாரே, கொடுக்கலாமா?" என்று மகள் கண்ணீருடன் வினவுகிறாள். விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்தால், அக்காப்பி மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். மாணவராயிருந்த காலத்தில் அருகிலிருந்த மூத்தவர் விடையளித்தார். இன்றோ தாமே ஆராய்ந்து முடிவு சொல்லவேண்டும். அதனைப் பதிவேட்டில் எழுதி ஒப்பமிடவேண்டும். ஐயமிருப்பின், "மூத்தவரைக் கலந்து சொல்கிறேன்" என்று கூறும் துணிவும் வேண்டும். விடை தெரிந்ததாக நடிப்பது தேர்வில் ஒரு மதிப்பெண்ணை இழக்கச் செய்யும்; இங்கோ ஓர் உயிருக்கே ஊறு செய்யும். பொறுப்பைத் தாம் ஏற்கும் அந்நாளே மாணவர் தொழிலறிந்தவராக மாறும் நாள்.

இப்பணிக்குத் தமிழறிந்தோர் ஏன் வேண்டும்? 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று கூறும் குழந்தை, வீட்டில் கேட்டதைக் கூறுகிறது; அது நோயன்று. நம் வழக்கை அறிந்தவரே வழக்கையும் குறைபாட்டையும் பிரித்தறிவார். சொல்லிழந்த பாட்டிக்கும் அவர் தாலாட்டுக் கேட்ட மொழியிலேயே பயிற்சியளிக்க அவரால் இயலும்.

பெற்றோர்களே, இரண்டு வயதாகியும் குழந்தை இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடில், "தானாக வந்துவிடும்" என்று காத்திராதீர்கள். அரசாங்க மருந்தகத்தில் கூறி, செவித்திறனையும் சோதிக்கச் செய்யுங்கள். தமிழும் மலாயும் சேர்ந்து ஒலிப்பதால் பேச்சு தடைப்படுவதில்லை. ஆகவே வீட்டில் தமிழை நிறுத்த வேண்டா.

மாணவர்களே, இப்பணிக்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். உங்கள் நண்பன் திக்கும்போது சிரியாதீர்கள். அவன் சொல்லை நீங்கள் முடித்து வைக்கவும் வேண்டா. முகம் பார்த்துப் பொறுமையுடன் காத்திருங்கள். அன்று நாம் செய்யத் தவறியதும் இதுவே. உங்களுள் ஒருவரேனும் இத்துறையில் பட்டம் பெற்று, இப்பள்ளியின் வாயிலில் மீண்டும் வந்து நிற்பாராயின், அதனினும் பெரிய மகிழ்ச்சி நமக்கில்லை.