மதிப்பெண் கேட்காத வாசல்

வடக்கே படித்தவர்கள் – 9

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள். கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை முன்னால் பிள்ளைகள் கூட்டம். அந்தக் கூட்டத்தில் சேராமல் அடுத்த கடையின் நிழலில் ஓர் அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் தலைகுனிந்தபடி பையன். கையில் நோட்டோடு நின்ற என்னை வாத்தியார் என்று நினைத்துக்கொண்டார்போல.

“சார், மார்க்கு கேக்காத காலேஜ் எதுனா இருக்குதா சார்? கணக்குல போய்ட்டான். ஆனா கைவேல நல்லா செய்வான். எங்க தெருவுல யார் வூட்டு மிக்ஸி நின்னாலும் இவன்தான் பிரிச்சி மாட்டுவான்.”

சென்ற வாரம் பாரதி மகளிர் கல்லூரியில் இருந்தோம். 1964-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில்தான், 2022 செப்டம்பர் 5 அன்று, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் கல்லூரி வாசலைத் தாண்டியவர்களுக்குத்தான். வாசல் வரைக்கும் வர முடியாமல் பத்தாவதிலோ எட்டாவதிலோ நின்றுபோனவர்களுக்கு என்ன வழி? அந்த அம்மா கேட்டது அதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதிலாக இந்த நகரத்தில் ஒரு கல்லூரி வகையே வேரூன்றியது. அதன் பெயர் சமுதாயக் கல்லூரி.

1996-ஆம் ஆண்டை வடசென்னைக்காரர்கள் மறக்க முடியாது. பெரம்பூர் பின்னி மில் மூடப்பட்ட ஆண்டு அது. பக்கிங்காம், கர்னாடிக் என்ற இரண்டு ஆலைகளாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி வீடுகளுக்கு மூன்று, நான்கு தலைமுறையாகச் சோறு போட்ட ஆலை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில் தொழிலாளர்களிடையேதான். தொழிற்சங்க வரலாற்றில் அந்த ஆலைக்கு உள்ள இடத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த ஆலை ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது என்பதை யாரும் அவ்வளவாக எழுதவில்லை. அப்பா நெசவுப் பிரிவில் இருந்தால் பிள்ளை எடுபிடியாக உள்ளே போவான். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வான். ஒருநாள் தறி அவன் கைக்கு வரும். மார்க் ஷீட் இல்லாமல் ஒரு பையன் வேலைக்காரனாக, சங்க உறுப்பினராக, தெருவில் மதிக்கப்படும் மனிதனாக ஆக ஒரு பாதை இருந்தது. மில் சங்கு நின்ற அன்றே அந்தப் பாதையும் அடைபட்டது.

அதே 1996-இல்தான் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் சமுதாயக் கல்லூரி இயக்கத்தின் கதையைச் சொல்பவர்கள் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். மில் மூடியதையும் கல்லூரி திறந்ததையும் யாரும் திட்டமிட்டு ஒரே ஆண்டில் வைக்கவில்லை. ஆனாலும் இந்தத் தொடருக்காகக் குறிப்பெடுத்தபோது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து விழுந்தன. அந்தப் பக்கத்தை என்னால் எளிதில் புரட்ட முடியவில்லை.

இந்த இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் முதலாவதாகச் சொல்ல வேண்டியவர் சேசு சபைக் குருவும் கல்வியாளருமான சேவியர் அல்போன்ஸ். 1999-இல் சென்னையில் இதற்கென்றே ஓர் ஆய்வு, வளர்ச்சி மையத்தை நிறுவினார். கல்லூரி தொடங்க விரும்பும் தொண்டு நிறுவனங்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, அரசுகளிடம் அங்கீகாரத்துக்காகப் பேசுவது என்று அந்த மையம் இயங்கியது. விலக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வது, கடைசியில் நிற்பவர்களுக்குச் சிறந்ததைக் கொடுப்பது: இதுதான் அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை.

யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. சிகாகோவுக்கு அருகே ஜோலியட் என்ற தொழில் நகரம். அங்கே 1901-இல், உயர்நிலைப் பள்ளி முடித்த உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே மேலும் இரண்டு ஆண்டு படிக்கட்டும் என்று தொடங்கிய கல்லூரிதான் அந்நாட்டில் இன்றுவரை தொடர்ந்து நடக்கும் மிகப் பழைய பொதுச் சமுதாயக் கல்லூரி. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இப்படிப்பட்ட கல்லூரிகள் ஊருக்கு ஊர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் படிக்க இடம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்தவருக்கு அடுத்த படியாக இருந்தது, இங்கே வந்தபோது பள்ளியையே முடிக்காதவருக்கான கல்லூரியாக மாறியது. இறக்குமதி என்று இதை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இந்த மாற்றம்தான். நம் ஊரின் பசிக்கு ஏற்ப இலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

உள்ளே என்ன நடக்கும்? சில மாதங்கள் அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தேன். அதனால் கொஞ்சம் சொல்ல முடியும்.

சேரும்போது மதிப்பெண் கேட்பதில்லை. வயதையும் பெரிதாகப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. நோயாளி பராமரிப்பு உதவியாளர், ஏ.சி. மெக்கானிக், பிளம்பர், வீட்டு எலெக்ட்ரீஷியன், தையலும் ஆடை வடிவமைப்பும், கேட்டரிங், மழலையர் பள்ளி ஆசிரியை என்று பிரிவுகள். ஆனால் முதல் நாளே கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் வாழ்க்கைத் திறன். அதற்குப் பிறகு தொழில்திறன், தொழில் நடக்கும் இடத்திலேயே நேரடிப் பயிற்சி, கடைசியாக வேலைக்குத் தயார்ப்படுத்துதல். ஐ.டி.ஐ.யிலிருந்து இதை வேறுபடுத்துவது அந்த முதல் பகுதிதான்.

வாழ்க்கைத் திறன் என்றதும் ஏதோ உபதேச வகுப்பு என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று தன் பெயரையும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. முப்பதைத் தாண்டிய ஒரு பெண் எழுந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். பெயரைச் சொன்னார். அதற்குமேல் குரல் வரவில்லை. “எனக்கு எதுவும் தெரியாது சார்” என்று உட்கார்ந்துவிட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை ஐந்து வருடம் பார்த்துக்கொண்டவர் அவர் என்பது பக்கத்தில் இருந்த தோழி சொல்லித்தான் தெரிந்தது. படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சேர்ந்திருந்ததும் நோயாளி பராமரிப்புப் படிப்பில்தான். ஆனாலும் தனக்கு எதுவும் தெரியாது என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். நம் பள்ளிகள் அவருக்குச் சொல்லி அனுப்பிய ஒரே செய்தி அதுதான். அதை அவர் மனத்திலிருந்து எடுக்க நாலு மாதம் ஆனது. ஊசி போடும் முறையைக் கற்றுக்கொள்ள அவருக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை.

மதிப்பீட்டு முறையும் எனக்குப் பிடித்தது. ஒரு திறன் வந்துவிட்டதா என்பதை மாணவர் தானே சொல்ல வேண்டும்; ஆசிரியர் சொல்ல வேண்டும்; பயிற்சிக்குப் போன இடத்தின் மேற்பார்வையாளரும் சொல்ல வேண்டும். மூன்று பேர் கண்ணும் ஒன்றைப் பார்த்தால்தான் சான்றிதழ்.

இந்த விதை வடசென்னை மண்ணுக்குப் புதிதில்லை. கொடுங்கையூருக்குப் பக்கத்து ஊரான வியாசர்பாடியில் 1960-களில் ஓர்ஃபெயோ மன்டோவானி என்ற இத்தாலிய சலேசிய குரு, குடிசைகளுக்கு நடுவே பீயாட்டிட்யூட்ஸ் என்ற சேவை மையத்தைத் தொடங்கினார். வைத்தியம், உணவு, தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில். 1967-இல் அவர் மறைந்தார், மையம் நின்றுவிடவில்லை. அதே வியாசர்பாடியில் 1973-இல் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி வந்தது. பெயர்ப் பலகையில் சமுதாயக் கல்லூரி என்று இல்லாவிட்டாலும், துறைமுகக் கூலியின், துப்புரவுத் தொழிலாளியின் வீட்டிலிருந்து முதல் பட்டதாரி புறப்பட்ட கல்லூரி அது. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும், எழுதுவேன்.

சமுதாயக் கல்லூரிகளுக்கு வருகிறேன். 2002-இல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவான பிறகு, தொண்டு நிறுவனங்கள் நடத்திய இந்தக் கல்லூரிகளின் சான்றிதழுக்கு ஒரு பல்கலைக்கழக முத்திரை கிடைத்தது. பெரிய விஷயம் அது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் முத்திரையைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுவதற்குமான ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. நடுவில் இருந்த பிள்ளைகளின் கதி என்ன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது. அடுத்து 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் பங்குக்கு ஒரு திட்டம் வகுத்து, ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்கு உள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை வைத்தது. அடுத்த ஆண்டு பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டமும் வந்தது.

மூன்று திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முகவரி மாறிக்கொண்டே வந்திருப்பது தெரியும். குடிசைப் பகுதியின் சமூகக் கூடத்தில் பிறந்தது, பெரிய கல்லூரியின் ஒரு துறையாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே ஆய்வகம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் ஆசிரியர் இருக்கிறார், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் பெரிய கல்லூரியின் கேட்டில் செக்யூரிட்டி நிற்கிறார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். பத்தாவதில் கணக்கில் போனவன் மறுபடியும் வெளியில்தான்.

இன்னொரு குறையும் உண்டு. ஓராண்டுச் சான்றிதழ் வாங்கியவர் அதன்மேல் ஏறி டிப்ளமோவுக்கோ பட்டத்துக்கோ போக முடிகிறதா என்றால், பல இடங்களில் முடியவில்லை. முட்டுச்சந்து. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், வெளியேறலாம், படித்த அளவுக்கு மதிப்பீட்டுப் புள்ளிகள் கணக்கில் இருக்கும் என்கிறது. காகிதத்தில் சரி. அந்தக் கணக்கு பட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுக்குத் திறக்கிற அளவு, மாலை வகுப்பில் ஏ.சி. மெக்கானிக் படிக்கும் பையனுக்கும் திறந்தால்தான் நான் நம்புவேன்.

இப்போது கொடுங்கையூருக்கு வாருங்கள். இங்கே ஒரு சமுதாயக் கல்லூரி வைத்தால் எதைச் சொல்லித் தரலாம்?

இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குக் குப்பை மேடுதான் நினைவுக்கு வரும். பல பத்தாண்டுகளாக வடசென்னையின் குப்பை முழுக்க இங்கே கொட்டப்பட்டது. அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து, 250 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை மீட்க மாநகராட்சி சுமார் 640 கோடி ரூபாயில் பயோமைனிங் வேலையை எடுத்திருக்கிறது. மேட்டை ஒட்டிய தெருக்களில், குப்பை பொறுக்கியே பிள்ளைகளை வளர்த்த பெண்கள் இருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கையில் வாங்கினால், வளைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, அது எந்த வகை, காயலான் கடையில் கிலோவுக்கு எவ்வளவு போகும் என்று நொடியில் சொல்லிவிடுவார்கள். பாலிமர் பாடத்தில் பல மாதம் எடுக்கும் விஷயம். எந்தக் கல்வி நிறுவனமும் அவர்களை வரச்சொல்லி, ‘உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்குச் செய்து காட்டுங்கள், அதற்குச் சான்றிதழ் தருகிறோம்’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. முன்பே கற்றதை அங்கீகரிப்பது என்று அரசின் திறன் திட்டங்களிலேயே ஒரு வழி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அது குப்பை மேட்டின் ஓரத்துக்கு வர வேண்டாமா?

அடுத்தது தண்ணீர். கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மூன்றாம் நிலையில் சுத்திகரித்து, ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அழுத்திப் பிரித்து, தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலை இருக்கிறது. மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இயங்கும் திசைக்குப் போகிறது அந்தத் தண்ணீர். நம் வீட்டுச் சாக்கடை எண்ணெய் ஆலைக்குப் பயன்படும் நீராகிறது. சவ்வை மாற்ற, பம்ப்பைப் பழுது பார்க்க, நீரின் தரத்தைச் சோதிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் கண்ணதாசன் நகரிலிருந்தும் எழில் நகரிலிருந்தும் போக வேண்டும் என்கிறேன். நாற்றத்தை ஊருக்கும் சம்பளத்தை வெளியூருக்கும் பிரித்துக்கொடுப்பது அநியாயம்.

அந்த அம்மாவுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். துணைத்தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்கச் சொன்னேன். வீட்டு எலெக்ட்ரீஷியன் படிப்பு நடத்தும் ஓர் இடத்துக்கு வழி எழுதிக் கொடுத்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வழி எழுதிய சீட்டை வாங்கிப் பையன் இரண்டு முறை படித்தான். பிறகு முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான்.

“அங்க மோட்டார் காயில் சுத்தக் கத்துத் தருவாங்களா சார்?”

தருவார்கள் என்றேன். மூலக்கடைப் பக்கம் போகும் பஸ் வந்துகொண்டிருந்தது. அம்மாவும் பிள்ளையும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள்.

(தொடரும்)