சங்கத்தின் வலைத்தளம் யார் கையில் இருக்கிறது?

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றுக்கு இன்று சொந்தமாக வலைத்தளம் உண்டு. பொங்கல் விழா அறிவிப்பு, பட்டிமன்றப் படங்கள், உறுப்பினர் விண்ணப்பப் படிவம், கொஞ்சம் முனைப்பான சங்கமென்றால் ஆண்டு மலர்களின் பழைய இதழ்கள். இதைச் செய்து தந்தவர் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞராக இருப்பார். காசு வாங்காமல், இரவு கண்விழித்துச் செய்திருப்பார். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போன பிறகுதான் சிக்கல் தெரியும். பதவி முடிந்து மூன்று ஆண்டு ஆன தலைவர் முதல் பக்கத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார். மாற்றலாம் என்றால் கடவுச்சொல் யாரிடம்? மூலக் கோப்புகள் எங்கே? "அவர் லேப்டாப்பில்தான் இருக்கும் சார்" என்பதே பதிலாக வரும்.

இதற்கு அந்த இளைஞரைக் குறைசொல்லிப் பயனில்லை. கோளாறு முறையில் இருக்கிறது. தன் கணிப்பொறியில் பக்கங்களைத் தயாரித்து, எஃப்.டி.பி. வழியாக வழங்கிக்கு ஏற்றுவது நெடுநாள் வழக்கம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண் 1971இல் அந்த எஃப்.டி.பி.யின் முதல் விதிமுறையை எழுதினார் என்பது நாம் பெருமைப்படக்கூடிய செய்தி. ஆனால் கோப்பை இங்கிருந்து அங்கே கொண்டு சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. நேற்று இருந்த பக்கம் எது, அதை மாற்றியவர் யார், எதற்காக மாற்றினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பழைய கோப்பின்மேல் புதியது ஏறிவிட்டால் பழையது போனதுதான்.

கையால் ஏற்றுவதில் பெரிய நிறுவனங்களே வழுக்கி விழுந்திருக்கின்றன. நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் 2012இல் தன் எட்டு வழங்கிகளில் புதிய நிரலை ஏற்றியபோது, ஒன்றில் மட்டும் பழையதே தங்கிவிட்டது. ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு வழங்கி கண்டபடி வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் நட்டம் 44 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்துவிட்டது.

இப்போது நிலவும் முறையைப் புரிந்துகொள்ள நம் செயற்குழுவின் மினிட்ஸ் புத்தகத்தை நினைத்துக்கொண்டால் போதும். லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற மென்பொருள் அப்படிப்பட்ட ஒரு பதிவேட்டைத்தான் பராமரிக்கிறது. எந்த வரி, எந்தத் தேதியில், யாரால், என்ன காரணத்துக்காக மாறியது என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். இந்தக் களஞ்சியத்தைப் பிரதி எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் கோப்புகளோடு முழு வரலாறும் போய்ச் சேரும் என்பது இதன் பெரிய சிறப்பு. ஒருவர் மடிக்கணினி பழுதானால் இன்னொருவரிடம் அனைத்தும் இருக்கும்.

அந்தக் களஞ்சியத்தை கிட்ஹப் போன்ற ஓரிடத்தில் வைத்து, வலைத்தளத்தை வழங்கும் தளத்தோடு ஒருமுறை இணைத்துவிட வேண்டும். கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, வெர்செல், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் என்று பல உண்டு. பிறகு செயலாளரோ துணைச் செயலாளரோ ஒரு வரியைத் திருத்திக் களஞ்சியத்துக்கு அனுப்பினால் போதும். வழங்கும் தளம் தானே அதை எடுத்து, பக்கங்களைக் கட்டி, சில நிமிடங்களில் வெளியிட்டுவிடும். கட்டும்போதே பிழை தட்டினால் புதியது வெளியாகாது, பழைய தளம் அப்படியே நிற்கும். வெளியான பிறகு தவறு தெரிந்தாலும் முந்தைய பதிவுக்குத் திரும்பிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. கிட்ஹப் பேஜஸில் வெளியிடும் தளம் ஒரு ஜி.பி.க்குள் இருக்க வேண்டும். களஞ்சியத்தில் ஒரு தனிக் கோப்பு 100 எம்.பி.யைத் தாண்டக்கூடாது. மலர்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றினால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பொதுக் களஞ்சியத்தில் உறுப்பினர்களின் தொலைபேசி எண்களையோ கடவுச்சொல்லையோ வைக்கவே கூடாது. மறுநாள் அழித்தாலும் பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். மினிட்ஸில் எழுதியதைக் கிழிக்க முடியாதல்லவா?

நம் பழைய பக்கங்களுக்கென்று தனித் தொல்லை ஒன்றுண்டு. டிஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களில் தட்டச்சு செய்தவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பின்பே களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எந்தச் சொல் மாறியது என்று பார்க்கும்போது வெறும் கிறுக்கல்தான் தெரியும். படங்களின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வீட்டு விண்டோஸ் கணிப்பொறி இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். வழங்கிகள் பெரும்பாலும் லினக்ஸ், அவை கொள்ளாது. வீட்டில் தெரிந்த படம் வெளியே தெரியாமல் போவதற்குப் பல சமயம் இதுவே காரணம்.

இலவசம் நிலைக்குமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தனையோ பேர் தம் முதல் வலைப்பக்கத்தைக் கட்டிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடியது. ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்தியது. பிரதி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அது இழப்பு. களஞ்சியம் கையில் இருப்பவர்களுக்கோ, எளிய தளமாக இருந்தால், வேறு வழங்கியோடு இணைப்பது ஒரு பிற்பகல் வேலை.

கணக்கைத் தனியொருவர் பெயரில் தொடங்காமல் சங்கத்தின் பெயரிலேயே தொடங்கி, குறைந்தது இருவருக்கு உரிமையாளர் அதிகாரம் தர வேண்டும். தளத்தின் முகவரிப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கும்படி வரும் நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்பதை இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது. பொறுப்பு மாறும் நாளில் வங்கிப் புத்தகம், ரசீதுக் கட்டு, ரப்பர் முத்திரை ஆகியவற்றோடு அந்த மின்னஞ்சலின் சாவியும் புதிய செயலாளர் கைக்குப் போக வேண்டும்.