தாழ்ந்து நிற்கும் நூலகம்

புது தில்லி: பழைய நாடாளுமன்ற வட்டக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கும் பலர், அருகிலேயே உள்ள நாடாளுமன்ற நூலகத்தைக் கவனிப்பதில்லை. கவனத்தை ஈர்க்கக் கூடாது என்றே கட்டப்பட்டது அது.

வட்டக் கட்டடத்தின் அடிமேடை அளவுக்கு மேல் நூலகம் உயரக் கூடாது என்பது நிபந்தனை. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் அதை ஏற்று, கட்டடத்தின் ஒரு பகுதியை நிலத்துக்குள் இறக்கினார். பழைய கட்டடங்களோடு இணங்கும் செந்நிற மணற்கல்லையே பயன்படுத்தினார். வெளியில் அடக்கம், உள்ளேயோ வியப்பு. எஃகும் கண்ணாடியும் இணைந்த குவிமாடம் வழியாகவும் திறந்த முற்றங்கள் வழியாகவும் பகல் வெளிச்சம் இறங்குகிறது.

1921-ல் தொடங்கிய இந்நூலகத்துக்குத் தனிக் கட்டடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1987-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2002 மே 7-ம் தேதி குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்து வைத்தார். இடையே 15 ஆண்டுகள்! இத்தனை எழிலும் முதன்மையாக உறுப்பினர்களுக்கானது என்பது சாமானிய வாசகருக்கு ஏக்கம்தான்.

எந்தக் கட்டடத்துக்காக நூலகம் தாழ்ந்து நின்றதோ, அங்கிருந்து இரு அவைகளும் 2023 செப்டம்பரில் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டன. காலியான வட்டக் கட்டடத்துக்கு 'சம்விதான் சதன்' என்று பெயர். விவாதத்துக்கு முன் புத்தகம் புரட்ட நினைக்கும் உறுப்பினர், இனி சற்றுக் கூடுதலாக நடக்க வேண்டும்.