'இன்டர்மீடியட்' என்று போடலாமா?

சென்னையில் கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கமெல்லாம் தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட்டுகள் வந்துவிட்டன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. நாலு பேரில் ஒருவர் வரவில்லையென்றால் செயலியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஆள் தேடுகிறார்கள். வருகிற முதல் கேள்வி: "ப்ரோ, பிகினரா, இன்டர்மீடியட்டா, அட்வான்ஸ்டா?"

பிகினர் என்று சொல்லக் கூச்சம், அட்வான்ஸ்டு என்று சொல்லப் பயம். ஆக, எல்லோரும் இன்டர்மீடியட். காலேஜ் டீமில் ஆடியவரும், போன மாதம் ராக்கெட் வாங்கியவரும் ஒரே கோர்ட்டில் நிற்பார்கள். டபுள்ஸில் எதிரணி பந்தையெல்லாம் பலவீனமானவர் பக்கமே அடிக்கும். ஒருவருடைய தப்புக் கணக்கில் மற்ற மூவரின் காசும் காலை நேரமும் போகும்.

உங்கள் நிலை தெரிய வேண்டுமானால் முதலில் ஸ்மாஷை மறந்துவிடுங்கள். பத்தில் ஒன்று இடி மாதிரி விழுந்திருக்கும். மனசு அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது டாஸ். கோர்ட்டின் பின்கோட்டில் நின்று தலைக்கு மேலே அடித்தால், எதிர்ப்பக்கம் கடைசி இரண்டு கோடுகளுக்கு நடுவே விழ வேண்டும். அந்தப் பட்டை 76 சென்டிமீட்டர், சுமார் இரண்டரை அடி. பத்தில் ஆறேழு அங்கே விழுந்தால் தாராளமாக இன்டர்மீடியட் என்று போடலாம். பாதிக் கோர்ட்டிலேயே இறங்கிவிட்டால் இன்னும் பிகினர்தான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இதை எந்தப் பந்தில், எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். சூடான காற்று லேசானது. பந்து வேகமாகப் போகும். நைலான் ஷட்டிலில் பச்சைப் பட்டை போட்டது மெதுவான ரகம். வெயில் ஊர்களுக்கு அதுதான். மே மாத மாலையில், தகரத்தின் கீழே டாஸ் பின்கோடு வரை போனதை நம்பிவிடாதீர்கள். மார்கழிக் காலையில் அதே அடி குட்டையாக விழும். நைலானிலேயே பழகியவர் 16 இறகு வைத்த ஃபெதர் ஷட்டிலுக்கு மாறினாலும் கொஞ்ச நாள் தடுமாறுவார். அது வேகம் குறைந்து சட்டென்று செங்குத்தாக இறங்கும்.

அடுத்தது கால். அடித்த இடத்திலேயே நின்று பந்தை ரசிப்பவரா, நடுவுக்குத் திரும்புபவரா? பார்ட்னர் பந்தைத் தூக்கிக் கொடுத்தால் இருவரும் பக்கவாட்டில் பிரிய வேண்டும். எதிராளி தூக்கினால் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. யாரும் கத்தாமல் இது நடந்தால் நீங்கள் மேல்படிக்கு நெருங்கிவிட்டீர்கள். பேக்ஹேண்ட் மூலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை; ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களில் பாதிப்பேருக்கு அங்கே வழியே கிடையாது.

குறைத்துச் சொல்வதும் உண்டு. வட அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் ஆடும் ஐஸ் ஹாக்கி லீக்குகளில் ஏ, பி, சி, டி என்று பிரிவு வைப்பது வழக்கம். நன்றாக ஆடுபவர் கீழ்ப்பிரிவில் புகுந்து கோல் குவிப்பது அங்கே தீராத சண்டை. அமெரிக்க டென்னிஸ் சங்கம் 1.0 முதல் 7.0 வரை அரைப்புள்ளி இடைவெளியில் தரம் வைத்து, கீழே ஒளிந்தவரை முடிவுகளைக் கொண்டே மேலே ஏற்றுகிறது. நம்மூர் போட்டிகளின் 'நான்-மெடலிஸ்ட்' பிரிவிலும், "இவர் ஏற்கெனவே மெடல் வாங்கினவர் சார்!" என்று குரல் எழாத நாள் குறைவு.

குழுவில் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் போடாதீர்கள். "நைலான்தான் ஆடுவேன், டாஸ் பின்கோடு வரை போகும், பேக்ஹேண்ட் வீக்" என்று போடுங்கள். அட்மின் சரியான ஆளோடு சேர்த்துவிடுவார். பிறகு ஸ்கோரைப் பாருங்கள். 21-க்கு 16, 17 எடுத்துத் தோற்றால் அந்தக் குழுவிலேயே இருங்கள். வாராவாரம் 7, 8-லேயே நின்றால், அடுத்த முறை ஒரு படி கீழே ஸ்லாட் போடுங்கள்.